ஒரு கிலோ மண்புழு தினமும் ஒரு கிலோ குப்பை தின்னுமா?

"ஒரு கிலோ மண்புழு வாங்கிப் போட்டால் தினமும் ஒரு கிலோ சமையலறைக் கழிவு காலி" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதை நம்பாதீர்கள், பாவம் அந்தப் புழுக்கள்.

புழுக்கள் நன்றாகப் பழகிய மண்புழு உரத் தொட்டியில்கூட ஒரு நாளைக்கு அவற்றின் எடையில் பாதியளவு கொடுத்தாலே அதிகம். புதுத் தொட்டி என்றால் ஒரு கைப்பிடியில் தொடங்குங்கள். மண்புழுவுக்குப் பல் கிடையாது. பச்சைக் காய்கறித் தோலை அது கடித்துத் தின்பதில்லை. நுண்ணுயிர்கள் பெருகி, தோல் அழுகி மென்மையான பிறகே உறிஞ்சி உண்ணும். அதற்குமுன் கிலோக்கணக்கில் கொட்டினால் குவியல் சூடாகும், புளிக்கும், காற்றோட்டம் அடைபடும். புழுக்கள் தொட்டியை விட்டு ஏறி ஓடும், அல்லது சாகும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். 35 டிகிரியைத் தாண்டினாலே பல உரப்புழு இனங்களுக்கு ஆபத்து.

சரி, எப்போது அடுத்த தீனி? போன தடவை போட்டது பெரும்பாலும் மறைந்த பிறகு. தோலைப் பொடியாக நறுக்கி ஒரு மூலையில் புதைத்து, மேலே காய்ந்த இலையோ கிழித்த செய்தித்தாளோ மூடுங்கள். உப்பு, எண்ணெய் கலந்த மீந்த குழம்பு, மீன், இறைச்சி வேண்டவே வேண்டாம். புளித்த வாடை வந்தால் சில நாள் தீனியை நிறுத்துங்கள்.