வாட்ஸ்அப் ஜான் கூமும், நாம் பாதியிலேயே நிறுத்திவிடும் கதையும்

வாட்ஸ்அப்பைத் தொடங்கிய ஜான் கூமின் வாழ்க்கைக் கதை வாட்ஸ்அப் வழியாகவே நம் குடும்பக் குழுக்களில் அவ்வப்போது சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். மளிகைக் கடையின் தரையைப் பெருக்கிய சிறுவன், தனக்கு வேலை தர மறுத்த ஃபேஸ்புக்கிடமே தன் நிறுவனத்தை 1,900 கோடி டாலருக்கு விற்றான், ஆகவே நீங்களும் உழைத்தால் உயரலாம் என்று கைகூப்பும் படங்களோடு அந்தச் செய்தி முடியும். அதில் பொய் என்று சொல்ல அதிகம் இல்லை. தரையைப் பெருக்கியது உண்மை, ஃபேஸ்புக் மறுத்தது உண்மை, விற்ற தொகையும் உண்மை. ஆனால் அந்த மனிதரை அதுவரை தூக்கிப் பிடித்திருந்த கைகளைப் பற்றியும், விற்பனைக்குப் பிறகு நடந்ததைப் பற்றியும் அதில் ஒரு வரிகூட இருப்பதில்லை. இந்த இரண்டையும் விட்டுவிட்டால் கூமின் வாழ்க்கையில் எது அவருடைய சாதனை, எது அவருடைய பிழை என்று பிரித்தறியவே முடியாது என்பதுதான் என் கட்சி.

கூம் 1976-இல் உக்ரைனில் பிறந்தவர். கீவ் நகரத்துக்கு அருகிலுள்ள ஃபாஸ்திவ் என்ற ஊரில் வளர்ந்தார். அப்பா மருத்துவமனைகளும் பள்ளிகளும் கட்டும் பணிகளை மேற்பார்வையிடுபவர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார். குழாயில் வெந்நீர் வராத வீடு. கட்டடத்துக்குள் கழிவறை இல்லாத பள்ளி. அந்த ஊர்க் குளிரில் சிறு பிள்ளைகள் கழிவறைக்குப் போக வெட்டவெளியைக் கடந்து நடக்க வேண்டியிருந்ததைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். சோவியத் ஒன்றியம் உடைந்த சூட்டில், யூதர்களுக்கு எதிரான வெறுப்பும் கூடிவந்த 1992-இல், அம்மாவும் பாட்டியும் 16 வயது மகனை அழைத்துக்கொண்டு கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பின்னால் வந்து சேர்ந்துகொள்வதாக இருந்த அப்பா கடைசிவரை வரவே இல்லை. 1997-இல் உக்ரைனிலேயே காலமானார்.

அமெரிக்காவுக்குப் புறப்படும்போது அந்த அம்மா பெட்டிக்குள் பேனாக்களையும், சோவியத் அரசு தயாரித்த நோட்டுப் புத்தகங்கள் இருபதையும் திணித்து எடுத்துக்கொண்டு போனார். அங்கே போய் மகனின் படிப்புக்கு நோட்டு வாங்கும் செலவாவது மிஞ்சட்டும் என்ற கணக்கு அது. பெட்டியில் எவ்வளவோ வைக்கலாம் என்றிருக்க, எழுதாத நோட்டுகளுக்கு இடம் ஒதுக்கிய அந்தப் பெண்மணியைப் பற்றி நம் ஃபார்வர்டுகள் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

மவுண்டன் வியூவில் அவர்களுக்கு அரசு உதவியுடன் ஒரு சிறிய வீடு கிடைத்தது. அம்மா பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். மகன் மளிகைக் கடையில் பெருக்கினார். ரேஷன் கடை வரிசையில் நாம் நிற்பதைப்போல அவர்களும் சமூக நல அலுவலகத்தின் முன் உணவுக் கூப்பனுக்காக வரிசையில் நின்றார்கள். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தபின், உடல்நலம் குன்றியவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையில்தான் குடும்பம் ஓடியது. ஆக வீடு, உணவு, நோயாளிக்கான மாதப் பணம் ஆகிய மூன்றும் அந்நிய நாட்டு மக்களின் வரிப்பணத்திலிருந்து வந்தவை. இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கூமின் கதையை அனுப்பும் அதே நபர்களில் பலர், மறுநாளே "இலவசம் கொடுத்துக் கொடுத்து மக்களைச் சோம்பேறியாக்கிவிட்டார்கள்" என்ற செய்தியையும் அனுப்புகிறார்கள். அந்தக் கூப்பன் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பையன் பள்ளியை விட்டுவிட்டு முழுநேரமும் பெருக்கிக்கொண்டிருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று இவர்களுக்கு ஏன் தோன்றுவதில்லை?

கணினி வலையமைப்புகளைப் பற்றி அவர் தானாகவே கற்றார் என்பது மறுக்க முடியாத உண்மை. பழைய புத்தகக் கடையில் கையேடுகளை விலைக்கு வாங்கி, படித்து முடித்ததும் அதே கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வார். 18 வயதுக்குள் அப்படியே தேறிவிட்டார். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கூடவே எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்துக்காகக் கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலையும் பார்த்தார். அந்த வேலையாக 1997-இல் யாஹூவுக்குப் போனபோதுதான், அங்கே பணியாற்றிய, பின்னாளில் வாட்ஸ்அப்பின் இணை நிறுவனரான பிரையன் ஆக்டனைச் சந்தித்தார். சில மாதங்களில் யாஹூவிலேயே பொறியாளராகச் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் ஒருநாள் சர்வர் பழுதாகிவிட, யாஹூவின் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் ஃபைலோ அவரைத் தேடி அழைத்தார். வகுப்பில் இருப்பதாகக் கூம் மெல்லச் சொல்ல, வகுப்பில் உனக்கென்ன வேலை, உடனே அலுவலகம் வந்து சேர் என்று கடுமையாகவே பதில் வந்ததாம். படிப்பு அத்தோடு போயிற்று. 2000-இல் அம்மாவும் போய்ச் சேர, அந்நாட்டில் உறவென்று பெரிதாக யாரும் இல்லாத இளைஞரைத் தன் வீட்டுக்கு அழைத்து அரவணைத்தவர் ஆக்டன்.

யாஹூவில் வேலை கிடைத்ததற்குக் கூம் தானே ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். 2014 நவம்பரில் அவர் ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளைக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை அளித்தார். ஃப்ரீபிஎஸ்டி என்பது உலகெங்கிலும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கி, எவரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்த விட்டிருக்கும் இயங்குதளம். தான் கையில் காசில்லாமல் அரசு கொடுத்த வீட்டில் இருந்த நாட்களில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதாகவும், யாஹூவும் அதையே பயன்படுத்தியது தனக்கு அங்கே வேலை கிடைத்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்றும், ஒருவகையில் அதுவே தன்னை வறுமையிலிருந்து தூக்கிவிட்டதாகவும் அப்போது எழுதினார். பிற்பாடு வாட்ஸ்அப்பின் சர்வர்களும் அதன்மேல்தான் ஓடின. அவற்றில் ஓடிய நிரல் எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1980-களில் உருவாக்கி, 1998-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட மொழி அது. பல லட்சம் அழைப்புகளை ஒரே சமயத்தில், நின்றுபோகாமல் தாங்க வேண்டும் என்பதே அதைச் செய்தவர்களின் நோக்கம். அந்த அடித்தளம் இருந்ததால்தான், ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்க வைத்ததாக 2012-இன் தொடக்கத்தில் வாட்ஸ்அப் பெருமையோடு அறிவிக்க முடிந்தது. யாரோ எழுதி, யாருக்கென்று பாராமல் கொடுத்துவிட்டுப் போன நிரல்கள்! தன்னந்தனியாக எழுந்தவர் என்ற பேச்சை மறுக்க நான் வெளியே ஆதாரம் தேட வேண்டியதில்லை. கூமின் வாக்குமூலமே போதும்.

சரி, அப்படியானால் அவருடையது என்று எதுவும் இல்லையா? இருக்கிறது, அதுவும் லேசானதல்ல. 2007 செப்டம்பரில் ஆக்டனும் அவரும் யாஹூவை விட்டு வெளியேறி, தென் அமெரிக்காவைச் சுற்றிவிட்டு, கையிருப்பைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். 2009 ஜனவரியில் கூம் ஒரு ஐஃபோன் வாங்கினார். கைபேசியின் முகவரிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் இப்போது என்ன நிலையில் இருக்கிறார் என்று காட்டினால் எப்படி இருக்கும் என்ற யோசனையில், பிப்ரவரி 24 அன்று, தன் பிறந்தநாளில், நிறுவனத்தைப் பதிவு செய்தார். இன்று பலருக்கு வியப்பாக இருக்கும், முதல் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும் வசதியே கிடையாது. அடிக்கடி முடங்கி நின்ற அதை யாரும் சீண்டவில்லை. வேறு வேலை தேடலாம் என்று கூம் சொன்னபோது, இன்னும் சில மாதம் பொறு, இப்போது விட்டால் முட்டாள்தனம் என்று தடுத்தவரும் ஆக்டன்தான். ஜூனில் ஐஃபோனுக்கு உடனடி அறிவிப்பு வசதியை ஆப்பிள் கொண்டுவந்தது. ஒருவர் தன் நிலையை மாற்றினால் நண்பர்கள் எல்லோருடைய கைபேசியிலும் மணி அடித்தது; அவர்கள் அதையே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் வழியாக ஆக்கிக்கொண்டார்கள். கூம் அதைக் கவனித்தார். மக்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எரிச்சல் அடையாமல், அவர்கள் போன வழியிலேயே தன் செயலியைத் திருப்பினார். அக்டோபரில் பழைய யாஹூ நண்பர்கள் ஐந்து பேரிடம் 2.5 லட்சம் டாலர் திரட்டிய ஆக்டன், நவம்பர் 1 அன்று முறையாக இணைந்தார்.

அதன்பிறகு கூம் எதைச் செய்தார் என்பதைவிட எதைச் செய்ய மறுத்தார் என்பதில்தான் எனக்கு மதிப்பு அதிகம். "விளம்பரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், வித்தை வேண்டாம்" என்ற பொருளில் ஆக்டன் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு சீட்டு கூமின் மேசையில் ஒட்டப்பட்டிருந்தது. இருவரும் யாஹூவில் விளம்பரத் தொழிலை அடுப்படி வரை பார்த்தவர்கள் ஆதலால், அந்த வெறுப்பு வாய்ப்பேச்சு அல்ல. முதலாண்டு இலவசம், பிறகு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் குறைவான கட்டணம், அவ்வளவுதான் வியாபாரம். சிலிக்கான் பள்ளத்தாக்கு ஐஃபோனைத் தவிர வேறெதையும் திரும்பிப் பாராத காலத்தில், நோக்கியாவின் மலிவான எஸ்40 கைபேசிகளிலும் வாட்ஸ்அப் ஓட வேண்டும் என்று உழைத்தார்கள். நாடு விட்டு நாடு எஸ்எம்எஸ் அனுப்பினால் காசு கரையும் என்பதை, அப்பா ஒரு நாட்டிலும் பிள்ளை ஒரு நாட்டிலுமாக வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்களும் ஊரிலிருந்த அவர்கள் வீட்டாரும் இந்தச் செயலியை இவ்வளவு விரைவாகப் பற்றிக்கொண்டதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? 2014-இல் 45 கோடிப் பேர் பயன்படுத்திய சேவையை 55 ஊழியர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று ஃபேஸ்புக் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது: 400 கோடி டாலர் ரொக்கம், 1,200 கோடிக்குப் பங்குகள், நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும் பின்னாளில் சேரவேண்டிய பங்குகளாக மேலும் 300 கோடி. ஒப்பந்தத்தில் கையெழுத்திட கூம் தேர்ந்தெடுத்த இடம் வழக்கறிஞர் அலுவலகம் அல்ல. தன் அலுவலகத்திலிருந்து சற்றுத் தள்ளி, ரயில் பாதைக்கு அப்பால், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சமூக நல அலுவலகத்துக்கு ஆக்டனோடும் முதலீட்டாளர் ஜிம் கோட்ஸோடும் போய், ஒரு காலத்தில் கூப்பனுக்காக நின்ற அதே வாசற்கதவில் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். ஃபார்வர்டுகள் இதை ஏழ்மையை வென்ற வீரக் காட்சியாகச் சொல்கின்றன. எனக்கென்னவோ அது பட்ட கடனை ஒப்புக்கொண்ட செயலாகவே தெரிகிறது.

ஆனால் கையெழுத்து அவருடையது. நிறுவனத்தின் பெரும்பங்கு நிறுவனர்கள் இருவரிடமும்தான் இருந்தது. முதலீட்டாளர்கள் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள் என்று சொல்ல வழியில்லை. விற்பனைக்கு அடுத்த மாதம், பயனர்களின் பதற்றத்தைத் தணிக்க அவர் எழுதிய விளக்கத்தில், சோவியத் காலத்தில் தன் அம்மா தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "இது போனில் பேசுகிற விஷயமல்ல, நேரில் சொல்கிறேன்" என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்ததைக் குறிப்பிட்டார். உளவுத்துறை ஒட்டுக்கேட்குமோ என்ற அச்சமே தாங்கள் நாட்டைவிட்டு வந்ததற்கு ஒரு காரணம் என்றும், கொள்கையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தால் ஃபேஸ்புக்கோடு சேர்ந்திருக்கவே மாட்டோம் என்றும் எழுதினார். அவர் அதை மனமறிந்த பொய்யாக எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மனிதர்களின் விவரங்களை வைத்து விளம்பரம் விற்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு நிறுவனம், 1,900 கோடியைக் கொட்டி வாங்கிய பொருளைச் சும்மா அழகு பார்த்துக்கொண்டிருக்கும் என்று, விளம்பரத் தொழிலை உள்ளிருந்து பார்த்த ஒருவர் நம்பினார் என்பதைத்தான் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

நடந்தது ஊரறிந்தது. 2016 ஆகஸ்டில் பயனர்களின் தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்களை ஃபேஸ்புக்கோடு பகிரும்படி கொள்கை மாற்றப்பட்டது. வாட்ஸ்அப்பை வாங்க அனுமதி கேட்டபோது இந்த விஷயத்தில் தவறான தகவல் தந்ததற்காக, 2017 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2021-இல் வந்த அடுத்த கொள்கை மாற்றத்துக்காக, 2024 நவம்பரில் நம் நாட்டுப் போட்டி ஆணையமும் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜூனில் வாட்ஸ்அப்புக்குள் விளம்பரம் வருவதாக அறிவிப்பு வெளியானது. அது வந்து உட்கார்ந்த இடம், கூம் தொடங்கியபோது செயலியின் ஒரே நோக்கமாக இருந்த அந்த ஸ்டேட்டஸ் பகுதி.

ஆக்டன் 2017 செப்டம்பரில் விலகினார். கொஞ்சம் பொறுத்திருந்தால் கைக்கு வந்திருக்கக்கூடிய ஏறத்தாழ 85 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை விட்டுவிட்டே வெளியேறினார். மறு ஆண்டு, அந்தரங்கத்தைக் காக்கும் சிக்னல் என்ற செய்திச் செயலிக்குப் பின்னால் உள்ள சிக்னல் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர் கொடுத்தார். பெரிய லாபத்துக்காகத் தன் பயனர்களின் அந்தரங்கத்தை விற்றுவிட்டதாகப் பத்திரிகைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். கூம் 2018 ஏப்ரல் 30 அன்று விலகலை அறிவித்தபோது, அரிய போர்ஷே கார்களைச் சேகரிக்கப் போவதாகவும் ஃப்ரிஸ்பீ விளையாடப் போவதாகவும் எழுதினார். அந்தக் குறிப்பில் விவரப் பகிர்வைப் பற்றி ஒரு புகாரும் இல்லை.

இருந்தாலும் அவரை ஒரேயடியாகக் கழித்துக்கட்ட நான் தயாரில்லை. 2016 ஏப்ரலில், 100 கோடிக்கும் மேற்பட்டோரின் உரையாடல்கள் அனைத்தும், அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர நிறுவனமே படிக்க முடியாதபடி பூட்டப்பட்டன. எந்த செட்டிங்கையும் தேடிப் போய் மாற்ற வேண்டியதில்லாமல், கைபேசி தெரியாத பாட்டிக்கும் தானாகவே கிடைத்த பாதுகாப்பு அது. ஃபேஸ்புக்கின் கூரைக்குக் கீழே, கூமும் ஆக்டனும் பொறுப்பில் இருந்தபோதே அது நடந்து முடிந்தது. இன்றுவரை அந்தப் பூட்டு அப்படியே இருக்கிறது. நாம் என்ன பேசுகிறோம் என்பது அதற்குள் இருக்கிறது; யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசுகிறோம் என்பது அதற்கு வெளியே, வாங்கியவரின் கையில் இருக்கிறது.