உடும்பு ரத்தம் குடிச்சிருந்தா டாக்டர்ட்ட மறைக்காதீங்க

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போறவங்க இதை கண்டிப்பா வாசிக்கணும்.

எனக்க சித்தப்பா மவன் ரெண்டு வருசம் முன்னாடி தலைவலின்னு படுத்தான். ரெண்டு கையாலயும் மண்டையைப் பிடிச்சுக்கிட்டு செவுத்துல முட்டுறான், வாந்தி வேற, கழுத்தைக் குனிய முடியல, போர்வை உரசினாலே தோல் எரியுதுன்னு கத்துறான். ஒரு ஆஸ்பத்திரில சைனஸ்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, அடுத்ததுல ஸ்கேன் எடுத்தும் ஒண்ணும் தெரியல. கடைசில முதுகுல ஊசி குத்தி தண்ணி எடுத்துப் பார்த்தா அதுல ஈசினோபில்னு ஒரு வகை ரத்த வெள்ளை அணு கூடிக் கிடக்கு. உடனே டாக்டர் கேட்டாரு, "நத்தை, உடும்பு எதாவது பச்சையா சாப்பிட்டியாப்பா?" இவன் இல்லன்னு தலையாட்டுறான். சித்தி வெளிய போனதும் எனக்க கையைப் பிடிச்சுக்கிட்டு சொல்றான், நடுவலிக்கு நல்லதுன்னு கூட்டாளிங்க சொன்னாங்கண்ணே, உடும்பு ரத்தத்தை அப்படியே குடிச்சேன், 10 நாள் இருக்கும், சொன்னா ஃபாரஸ்ட்காரங்க பிடிச்சிருவாங்கல்லா.

எனக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு. நான்தான் ஓடிப்போய் டாக்டர்ட்ட சொன்னேன்.

இவனை இப்படிப் படுத்தினது ஒரு புழு, உடும்பு ரத்தத்தோட உள்ள போனது. அது எலிக்க நுரையீரல் ரத்தக்குழாய்ல வாழுறது, பேரு ஆஞ்சியோஸ்ட்ராங்கிலஸ். 1935ல சீனாவுல எலிட்ட கண்டுபிடிச்சாங்க, 1945லயே தைவான்ல மனுசனுக்கும் வந்திருக்கு. எலிப் புழுக்கை வழியா குஞ்சுப்புழு வெளிய வரும், அதை நத்தை தின்னும், நத்தையை உடும்பு தின்னும், உடும்புக்குள்ள அது வளராம சும்மா கிடக்கும். எலிக்குள்ள அது மூளைக்குப் போய்ட்டுதான் நுரையீரலுக்கு வரும். நாம பச்சையா உள்ள விட்டா அதே மாதிரி நேரா மூளைக்குப் போயிரும், ஆனா அங்கேயே செத்து சுத்தி வீங்க வைக்கும். கேரளாவுல டாக்டர்கள் எழுதி வச்ச கேஸ்லயும் பச்சை உடும்பு சாப்பிட்டவங்க உண்டு. மழைக்குப் பிறகு வாழைத்தோட்டம் பூரா ஊருற ஆப்பிரிக்க நத்தையையும் வெறுங்கையால தொடாதீங்க பிள்ளைகளா, கீரையை நல்லா அலசுங்க.

உடும்பு பிடிச்ச பிடியை விடாது, அதுக்க ரத்தம் குடிச்சா நமக்கும் அந்த பலம் வரும்னு பாட்டா காலத்துலருந்து சொல்லுறாங்க, எங்க வீட்டுலயும் சொல்லிருக்காங்க. தப்புதான் அது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி உடும்பைப் பிடிச்சா 3லருந்து 7 வருசம் ஜெயில், அதுவும் நியாயம்தான், அந்த ஜீவனை விட்டுருங்க. ஆனா குடிச்சுட்டு தலைவலி வந்து படுத்திருக்கீங்கன்னா, ஜெயிலுக்கு பயந்து டாக்டர்ட்ட வாயை மூடிக்கிட்டு கிடக்காதீங்க, கேக்குறவருக்கு உங்க உயிருதான் முக்கியம்.

ஸ்டீராய்டு குடுத்து 18 நாள் கழிச்சு தம்பி வீட்டுக்கு வந்தான். ரெண்டு ரெண்டா தெரிஞ்ச கண்ணு சரியாக இன்னும் மூணு மாசம் ஆச்சு. போன வாரம் டீக்கடைல ஒருத்தர் உடும்பு ரத்தம்னு பேச்சை எடுத்ததும் தம்பி கிளாஸை வச்சுட்டு எழும்பி, சட்டையைத் தூக்கி முதுகுல ஊசி குத்தின இடத்தைக் காட்டினான்.