பேயிடம் காரணம் கேட்கிறவர்

நாலு நாளாக ஒரு தொடரைப் பற்றி யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று இருக்கிறது. 2007இல் ஜப்பானில் வந்த அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன். பெயர் ‘மோனோனோக்கே’. இயக்குநர் மியாசாகியின் 1997 அனிமேஷன் படமான ‘பிரின்சஸ் மோனோனோக்கே’ வேறு, இது வேறு. இந்தத் தொடரை நம்மில் பலர் தவறவிட்டதற்கு அந்தப் பெயரே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். எங்கே தேடினாலும் அந்தப் படத்தின் ஓநாய்ப் பெண்தான் வந்து நிற்கிறாள். இது அவளுக்குப் பின்னால் எங்கோ கிடக்கிறது.

கல்லூரி நாளில் ஒரு நண்பன் சொல்லி இதன் முதல் பத்து நிமிடம் பார்த்தேன். திரை முழுக்க வண்ணம், சுவரெல்லாம் ஓவியம், நடுவில் ஒருவர் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். கண் வலிக்கிறது என்று மூடிவிட்டேன். போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது மறுபடி கண்ணில் பட்டது. பன்னிரண்டே எபிசோடு, ஐந்து கதை. இரண்டு நாளில் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கதை நாயகருக்குப் பெயர் கிடையாது. முதுகில் மரப்பெட்டி, முகத்தில் சிவப்புக் கோடுகள், கூரான காது. யார் என்று கேட்டால் வெறும் மருந்து வியாபாரி என்பார். பேயை அழிக்கும் வாள் ஒன்று அவரிடம் இருக்கிறது. ஆனால் நினைத்தவுடன் அதை உறையிலிருந்து உருவ முடியாது. மூன்று விஷயம் தெரிய வேண்டும். வந்திருப்பது எது என்ற வடிவம். நடந்தது என்ன என்ற உண்மை. அது ஏன் இப்படி ஆனது, அதன் மனதில் என்ன இருக்கிறது என்ற காரணம். ஜப்பானிய மொழியில் கத்தாச்சி, மக்கோத்தோ, கொத்தோவாரி. ஒவ்வொன்றும் தெரியவரும்போது வாளின் கைப்பிடியில் இருக்கும் பூதத்தலை பல்லைக் ‘கடக்’ என்று கடிக்கும். மூன்றாவது கடிக்குக் காத்திருக்கும்போது நம் பல்லும் சேர்ந்து இறுகும்.

அதனால் கதையின் பெரும்பகுதி விசாரணைதான். அறைக்குள் நாலைந்து பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், கதவுக்கு வெளியே அது நிற்கிறது. இவர் வாளை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர்களைப் பார்த்துக் கேட்கிறார். ஆவிகள் உலகில் எங்கும் இருக்கின்றன; மனிதனின் துயரமோ வஞ்சமோ ஓர் ஆவியோடு சேரும்போதுதான் அது மோனோனோக்கே ஆகிறது என்பது தொடரின் கணக்கு. அப்படியென்றால் துயரத்தைக் கொடுத்தவர் யாராவது இருக்க வேண்டும். பல நேரம் அவர் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அவரிடம் இருக்கும் குட்டித் தராசுகளைச் சொல்ல வேண்டும். பெட்டியிலிருந்து பறந்து வந்து விரல் நுனியில் உட்காரும். அவை எடை பார்ப்பதில்லை, பேய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கின்றன. தரையில் வரிசையாக வைப்பார். கடைசித் தராசு சாயும். அப்புறம் அதற்கு முந்தையது. மணி சிணுங்கும். வருவதைக் காட்டாமலே வருகிறது என்று தெரிய வைக்கும் காட்சி இது. இவ்வளவு எளிமையாகப் பயமுறுத்திய இன்னொரு அனிமேயை நான் பார்த்ததில்லை.

முதல் கதை ‘சாஷிக்கி வராஷி’. ஜப்பானிய நாட்டார் நம்பிக்கையில் அது வீட்டில் தங்கும் குழந்தை ஆவி. அது இருக்கும் வீட்டுக்கு நல்லது நடக்கும். இங்கே மழை கொட்டும் இரவில் ஷினோ என்ற கர்ப்பிணி, கொலைகாரனுக்குப் பயந்து ஒரு விடுதிக்கு ஓடி வருகிறாள். இடமில்லை என்கிறார்கள். கெஞ்சுகிறாள். யாருக்கும் கொடுக்காத அறை ஒன்றைக் கொடுக்கிறார்கள். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் விபச்சார விடுதி. அங்கிருந்த பெண்களின் கருவை என்ன செய்தார்கள், அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்போது உடம்பு நடுங்குகிறது. அந்தக் குழந்தைகள் பழிவாங்க வரவில்லை. பிறக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார்கள். மருந்து வியாபாரி வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஷினோ தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தைகளைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

எல்லாக் கதையும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். கடலில் நடக்கும் ‘உமிபோசு’ மூன்று எபிசோடு. நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. ஆனால் உனக்கு எது மிகப் பெரிய பயம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப்படும் காட்சிக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ‘நுவே’ வாசனைப் போட்டியை வைத்து நடக்கும் கதை, பெரும்பாலும் சாம்பல் நிறத்தில். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் பிடிபட்டது.

இயக்குநர் கென்ஜி நகாமுரா, தயாரிப்பு தோயெய் அனிமேஷன். 2006இல் வந்த ‘அயகாஷி’ என்ற பேய்க்கதைத் தொகுப்பில் கடைசி மூன்று எபிசோடாக இந்த மருந்து வியாபாரி முதலில் வந்தார். அதற்குக் கிடைத்த வரவேற்பில்தான் தனித்தொடர். படம் முழுக்கக் கைக்காகிதத்தில் அச்சிட்டது போன்ற சொரசொரப்பு. காட்சி மாறும்போது ஓவியக் கதவு சாத்தித் திறக்கிறது. கல்லூரியில் என் கண்ணை உறுத்திய அதே வண்ணம்தான் இப்போது என்னை உட்கார வைத்தது. அழகான சுவருக்குப் பின்னால் மறைத்து வைத்ததைப் பற்றிய கதைக்கு இவ்வளவு அழகான சுவர் வேண்டும்தானே.

எனக்கு எல்லாவற்றிலும் மேல் ‘நொப்பெராபோ’. முகமில்லாத பேயின் கதை. கணவன் வீட்டார் எல்லோரையும் கொன்றதாக ஓச்சோ என்ற பெண் சிறையில் இருக்கிறாள். சிறுவயதில் அம்மாவின் ஆசைக்காக வாழ்ந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு அடுப்படிக்குள் வாழ்ந்தவள். அவள் உண்மையில் யாரைக் கொன்றாள் என்பதுதான் மருந்து வியாபாரியின் கேள்வி. பதிலைச் சொல்லமாட்டேன், பாருங்கள்.

இதை மட்டும் அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடாது. நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். ஓச்சோ அடுப்படியில் ஒற்றையாக நிற்கும் காட்சியில் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். அம்மாவின் கையும் நின்றுவிட்டது. “அவளுக்கு அம்மான்னா அவ்ளோ பிரியமாடா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. மீதிக் கீரையை அப்படியே வைத்துவிட்டுக் கடைசி வரை பார்த்தார்.

2024இல் இதன் தொடர்ச்சியாக ஒரு திரைப்படமும் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் தொடரின் கடைசிக் கதையை அம்மாவுக்குக் காட்ட வேண்டும். ஓடும் ரயிலில் நடக்கும் பூனைப் பேய்க் கதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடச் சொல்லியிருக்கிறார்.