பிசினஸ் வகுப்பில் கைக்குழந்தைக்குத் தடையா?

இணையத்தில் ஒருவர், ‘2 வயதுக்குட்பட்ட குழந்தையை விமானத்தின் பிசினஸ் வகுப்பில் ஏற்றவே மாட்டார்கள், சேலத்துக்காரர்கள் காசை வீணாக்காதீர்கள்’ என்கிறார். அப்படிப் பொதுத் தடை எதுவும் கிடையாது. 2011-இல் மலேசியா ஏர்லைன்ஸ் சில விமானங்களின் முதல் வகுப்பில் மட்டும் கைக்குழந்தைகளுக்கு இடமில்லை என்றது. அந்தச் செய்திதான் திரிந்து சுற்றுகிறது போல.

அதற்காக ஓசியில் போகலாம் என்றும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டுப் பயணத்தில் மடிக்குழந்தைக்குப் பல நிறுவனங்கள் அந்த வகுப்பின் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதம் வாங்குகின்றன, வரி தனி. பிசினஸ் கட்டணத்தில் அது சின்னத் தொகை இல்லை. திரும்புவதற்குள் 2 வயது முடிந்துவிட்டால், அந்தப் பயணத்துக்குத் தனி இருக்கையே எடுக்க வேண்டும். விமானத்தில் குழந்தைக்குத் தரும் தொட்டில், தடுப்புச் சுவரை ஒட்டிய சில இருக்கைகளுக்குத்தான். எடை வரம்பும் உண்டு. டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

நாங்கள் ஓமலூரிலிருந்து காரில் பெங்களூரு போய் ஏறினோம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் வீறிட்டுக் கத்துகிற எங்கள் 11 மாதப் பெண், தொட்டிலில் போட்டதும் தூங்கிப்போனாள். விமானம் தரையிறங்கும்போதுதான் காதைப் பிடித்துக்கொண்டு அழுகை. அப்புறம் பால் கொடுத்ததும் சரியானாள். பக்கத்து இருக்கைக்காரர் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.