அபராதமா, வரியா?

அமெரிக்கக் கன்சர்வேடிவ்களைச் (பழமைவாதிகளை) சாடும் ஒரு கட்டுரையைப் படித்தேன். ஏழைகள் வைத்தியம் பெறுவதே அவர்களுக்குப் பிடிக்காது என்று அது ஒரே போடாகப் போடுகிறது. சரி, அவர்களுடைய கோபம் எங்கே தொடங்கியது? 2010-இல் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில், விலக்கு இல்லாதவர் காப்பீடு வாங்காவிட்டால் அபராதம் என்று இருந்தது (2019 முதல் அது பூஜ்யம்). 2016-இல் பெரியவர் ஒருவருக்கு 695 டாலர், வருமானம் கூடினால் இன்னும் மேலே. இது வரி உயர்வு இல்லவே இல்லை என்று 2009 பேட்டியில் ஒபாமா அடித்துச் சொன்னார். 2012-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், வரி என்று சொல்லித்தான் அதைக் காப்பாற்றியது!

பிடித்த பழைய காப்பீட்டை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒபாமா சொன்னார். 2013-இல் லட்சக்கணக்கானோரின் தபால்பெட்டியில் விழுந்தது ரத்துக் கடிதம். அதற்கு ஒபாமாவே தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தார். பாவம், கட்டுரையாளருக்கு மட்டும் அது நினைவில்லை.

பருவநிலை விஷயமும் இப்படித்தான். 2009-இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர், ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் கோடையில் வடதுருவப் பனி முழுக்க மறைய 75 சதவீத வாய்ப்பு என்று சில கணிப்புகளைக் காட்டினார். பனி வெகுவாகக் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மறையவில்லையே. இத்தகைய கணிப்புகளைச் சந்தேகப்பட்டவரை முட்டாள் என்று ஏசியவர்கள் அந்தக் கெடு தாண்டியதைப் பற்றி வாயே திறக்கவில்லை.