தமிழில் சண்டை போட ஓர் ஆள்

"வீட்ல தமிழ் பேசுங்க, பிள்ளைக்குத் தானா வந்துடும்." சிங்கப்பூரில் தமிழ்ப் பெற்றோர் கூடும் இடமெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை. பாதிதான் சரி என்பேன்.

வீட்டில் பிள்ளை வாய் திறப்பதற்குள் மீதியை நாமே முடித்துவிடுகிறோம். "தண்..." என்றாலே பாட்டி தம்ளரோடு நிற்பார். நாலு வயதுக் கூட்டாளியிடம் இந்தச் சலுகை கிடையாது. பொம்மைக் காரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனிடம் "குடுடா, நான்தான் முதல்ல எடுத்தேன்" என்று முழுசாகச் சொல்லியாக வேண்டும். பேரம், கெஞ்சல், கோள்மூட்டல், இரண்டு பேர் சேர்ந்து சொல்லும் பொய் எல்லாம் சம வயதுப் பிள்ளைகளிடம்தான் பழகும்.

நிகராகுவாவின் மனாகுவா நகரில் 1970களின் பிற்பகுதியில் காதுகேளாத பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிய மொழியையும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள், பெரிதாக ஒட்டவில்லை. ஆனால் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்களுக்குள் சாடை பேசிப் பேசி, அடுத்தடுத்து வந்த வாண்டுகள் அதைச் செதுக்க, இலக்கணத்தோடு ஒரு புதுச் சைகைமொழியே பிறந்தது. யாரும் பாடம் நடத்தவில்லை!

இங்கே பாலர்பள்ளியில் தமிழாசிரியை உயிரைக் கொடுத்துக் கதை சொல்கிறார், பாட வைக்கிறார். பாடம் முடிந்து விளையாடப் போனால் எல்லாம் ஆங்கிலம். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டோ மூன்றோ, அவர்களும் ஆளுக்கொரு குழுவில். தமிழே சொல்லித்தராத பாலர்பள்ளிகளும் உண்டு. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடு, 2020இல் 29.2. பாட்டி பேசுவது புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது என்றால் அதில் என்ன ஆச்சரியம்?

பாலர்பள்ளிகளிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. விளையாட்டு நேரத்திலும் தமிழ்ப் பிள்ளைகளை ஒரே குழுவில் விடுங்கள். நாள் முழுக்க வேண்டாம், கொஞ்ச நேரம் போதும். சரளமாகப் பேசுகிற பிள்ளையையும் தயங்குகிற பிள்ளையையும் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். நன்றாகப் பேசும் பிள்ளைகள் உள்ள வகுப்பில் மற்றவர்களின் மொழியும் கூடுதலாக வளர்கிறது என்று 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. "என் பிள்ளையின் தமிழ் கெட்டுப்போகும்" என்று முகம் சுளிக்கும் பெற்றோரே, எதிரில் ஆளே இல்லாமல் உங்கள் பிள்ளை யாரிடம் பேசும்?

அதுவரை செங்காங், பொங்கோல் பக்கம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் புளோக்குக்குக் கீழே பிள்ளைகளை இறக்கிவிடுவோம். பெரியவர்கள் தள்ளி உட்கார்ந்து தே தாரிக் குடிக்கலாம். சண்டை வந்தால் உடனே ஓடிப்போய் விலக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.