முப்பதாயிரம் ராடு

போன வருஷம் ஒரு அரசுப் பள்ளிக்குத் தொழிற்பிரிவு செய்முறைத் தேர்வு பார்க்கப் போயிருந்தேன். பேர் வேண்டாம். வெல்டிங் மிஷின் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. வேலை நடக்கிற பட்டறையில் மிஷின் அப்படி இருக்காது. கேபிள் மேல் பொறி பட்ட ஒரு கருப்புப் புள்ளிகூட இல்லை.

முதலில் வந்த பையனின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆர்க் வெல்டிங் படம் அச்சடித்த மாதிரி இருந்தது. உருகி ஒட்டுகிற குச்சியான ராடு, அதைக் கடித்துப் பிடிக்கிற ஹோல்டர், ராடு நுனியில் எரிகிற மின்பொறியான ஆர்க், மேலே படிகிற கசடான ஸ்லாக் எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. 22 வருஷமாக வெல்டிங் அடித்துச் சாப்பிடுகிற எனக்கு அப்படி ஒரு படம் வரைய வராது. கேள்வி கேட்டேன், டக் டக்கென்று பதில். சரி தம்பி, ஹோல்டரைப் பிடி என்றேன்.

ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டது. புதுக்கை என்றால் ஒட்டத்தான் செய்யும், அதில் குற்றமில்லை. ஒட்டினால் மணிக்கட்டை ஒரு திருகு திருகிப் பிடுங்க வேண்டும், வராவிட்டால் ஹோல்டரின் பிடியைத் திறந்து ராடை விட்டுவிட வேண்டும். அது அவனுக்குத் தெரியவில்லை. ராடு சிவந்துகொண்டே போகிறது, இவன் இரண்டு கையாலும் இழுக்கிறான். நான் போய் விடுவித்தேன்.

"இதுவரைக்கும் எத்தனை ராடு எரிச்சிருக்கப்பா?"

"நாலு சார்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க குரூப்புக்கு."

மார்க் போட்டேன். பாஸ்தான். அவனை ஃபெயிலாக்க எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?

பள்ளியில் தொழிற்கல்வி வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். பாடத்திட்டம், சான்றிதழ், வேலைவாய்ப்பு என்று பெரிய பெரிய வார்த்தைகள். எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றே ஒன்று: பிள்ளைகள் கெடுத்துப் பழக எவ்வளவு சாமான் கொடுக்கிறீர்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண 3.15 மி.மீ ராடு 350 மி.மீ நீளம் இருக்கும். ஹோல்டர் கடிக்கும் கட்டையைக் கழித்தால் ஒரு நிமிஷமோ ஒன்றேகால் நிமிஷமோ எரியும். எரிய எரிய ராடு குட்டையாகும். அதற்கேற்பக் கை இறங்கிக்கொண்டே வர வேண்டும், அதே நேரம் பக்கவாட்டில் நகரவும் வேண்டும். வேகம் கூடினால் பீடு, அதாவது ராடு உருகி விழுந்த வரி, மெலியும், குறைந்தால் குவியும், மெல்லிய தகடு என்றால் ஓட்டையே விழும். ஆர்க் சரியான நீளத்தில் நின்றால் சத்தமே வேறு. சடசடப்பு அடங்கி, ஒரே சீராகப் பொரிகிற சத்தம் வரும். காது அதைப் பிடித்துக்கொள்ள நூறு ராடாவது ஆகும். எனக்கு அதற்கு மேலேயே ஆச்சு.

30 பேர் வகுப்பு. ஆளுக்கு நாளைக்கு 10 ராடு. வருஷத்தில் 100 நாள் பட்டறை. மொத்தம் 30,000 ராடு. தகடு தனி, கையுறை தனி, கரண்ட் தனி. மிஷின் வாங்குவது ஒரு நாள் கூத்து. ரிப்பன் உண்டு, போட்டோ உண்டு, சுவரில் பேர் பொறித்த கல்லும் உண்டு. ராடு வாங்கினதுக்கு எவரும் ரிப்பன் வெட்டி நான் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு ஆடிட்டில் கேள்வி வரும்: இவ்வளவு சாமான் செலவாகியிருக்கிறதே, செய்த பொருள் எங்கே? பழைய இரும்புக்குப் போடுகிற துண்டுதான் செய்த பொருள் என்று எந்தத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார்? அதனால் மிஷினுக்கு உறை போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை.

இதை நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. 1868 வாக்கில் மாஸ்கோவின் இம்பீரியல் டெக்னிக்கல் ஸ்கூலை நடத்திய விக்டர் டெல்லா வோஸ், பொருள் செய்து விற்கும் பட்டறையையும் பழகும் பட்டறையையும் தனித்தனியாகப் பிரித்தார். தச்சு, கொல்லு, கடைசல் என்று ஒவ்வொரு தொழிலையும் சின்னச் சின்னப் பயிற்சியாக உடைத்து, எளிதில் தொடங்கிக் கடினம் வரைக்கும் வரிசையாக அடுக்கினார். பழகும் பட்டறையில் தேறினால்தான் அடுத்த பட்டறைக்குள் கால் வைக்கலாம். அந்தப் பயிற்சித் துண்டுகளை 1876-ல் பிலடெல்பியா கண்காட்சிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற தொழில்நுட்பக் கல்லூரியின் தலைவராக இருந்த ஜான் ரங்கிள் அதைப் பார்த்துவிட்டு, தன் கல்லூரியிலும் அதே மாதிரி பட்டறை போட ஏற்பாடு செய்தார். எதற்கும் உதவாத இணைப்புத் துண்டுகளை ஒரு நாடு கண்காட்சியில் பெருமையாக வைத்திருக்கிறது பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது.

"கம்பெனிக்குப் போனா தானா கத்துக்குவான்" என்பார்கள். கம்பெனியில் ஸ்கிராப்புக்குக் கணக்கு உண்டு, சூப்பர்வைசருக்கு டார்கெட் உண்டு. புதுப் பையன் கையில் ஹோல்டரைக் கொடுத்து ஜாப்பைக் கெடுக்க அங்கே யாருக்கும் மனசு வராது. ஆறு மாசம் கிரைண்டிங், ஆறு மாசம் தரை பெருக்கல், அதற்குள் பாதிப் பேர் ஓடிப்போவான். ஜெர்மனியை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. சரிதான், வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனி, ஒன்றிரண்டு நாள் பள்ளி, தொழிலைப் பொறுத்து இரண்டிலிருந்து மூன்றரை வருஷம், கையில் உதவித்தொகை. 1969-ல் இதற்கென்று ஒரு சட்டமே போட்டார்கள். ஆனால் அங்கேயும் பெரிய கம்பெனிகளில் பழகுகிறவர்களுக்கென்று தனிப் பட்டறை இருக்கிறது. அதாவது காசைப் போட்டுக் கெடுக்க விடுகிறார்கள். (பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயசிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கிற வழக்கமும் அங்கே உண்டு. அதை மட்டும் யாரும் காப்பியடிக்க வேண்டாம்.)

சொல்லித்தருகிற ஆள் விஷயமும் இதில்தான் வருகிறது. பட்டம் இருந்தால்தான் ஆசிரியர் என்றால், கை தேர்ந்த வெல்டர் பள்ளிக்குள் வரவே முடியாது. வந்தாலும் பகுதிநேரம், ஒப்பந்தம், சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத நிலை. கெட்ட பீடைப் பார்த்து 'கரண்ட் கூட, கை சாய்வு கம்மி' என்று சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் 30,000 ராடும் வெறும் புகைதான்.

யாரைத் தொழிற்பிரிவுக்கு அனுப்புகிறோம் என்று உங்களுக்கே தெரியும். மார்க் குறைந்தவனை. 1917-ல் அமெரிக்காவில் தொழிற்கல்விக்கென்று ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வருவதற்கு முன்பே கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி இதைத்தான் எச்சரித்தார், தொழிற்கல்வியைத் தனியாகப் பிரித்தால் பிள்ளைகளும் இரண்டு ஜாதியாகப் பிரிவார்கள் என்கிற அர்த்தத்தில். சுவிட்சர்லாந்தில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தொழில் வழியில்தான் போகிறார்கள், யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. 1990களில் கொண்டுவந்த தொழில்சார் மெச்சூரிட்டி தேர்வை எழுதினால் வெல்டரும் பின்னால் கல்லூரிக்குப் போகலாம். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் பெற்றவர்களுக்குப் பயம் விடும். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு உண்டா என்று சேர்க்கும்போதே கேளுங்கள்.

அன்றைக்குத் தேர்வு முடிந்ததும் என் வண்டிப் பெட்டியில் கிடந்த ராடில் ஒரு 30 எண்ணி எடுத்து வந்தேன். தலைமையாசிரியரிடம் கேட்டேன், யோசித்தார், ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள் என்றார். பையனுக்கு முகமூடி மாட்டிவிட்டு, நான் சும்மா பக்கத்தில் நின்றேன். முதல் பத்து கோழி கிளறின மாதிரி. பதினைந்துக்கு மேல் ஒட்டுவது நின்றது. அதற்கப்புறம் அவன் பேசவே இல்லை.

23-வது ராடு முடிந்து, ஸ்லாக்கைத் தட்டச் சுத்தியலை எடுத்தான். தட்டுவதற்கு முன்னாலேயே அது ஆறும்போது லேசாக ஒரு ஓரம் எழும்பி, சுருண்டு, ஒரே பட்டையாகத் தானே கழன்று விழுந்தது. கீழே பீடு மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக, அழகாக.

பையன் பதறிப்போய் என்னைப் பார்த்தான். "சார், கெட்டுப்போச்சா?"

இன்னும் ஏழு ராடு பாக்கி இருந்தது.